வளவில் விழும் வெளிச்சம்



செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் செல்வத்தையே பேசுவர். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியத்துக் கண்ணாடி, ஆத்தங்குடித் தரைக்கல் என்று பட்டியல் நீளும். கேட்பவர்க்கு வியப்பு உண்டாகும். வாழ்வதற்கு ஒரு வழியும் கிடைக்காது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவ்வீடுகளின் இருட்டு. அவ்விருட்டைப் போக்க ஒரு குடும்பம் வைத்த சில பூந்தொட்டிகளையும், ஏற்றிய சில விளக்குகளையும் பற்றிச் சொல்லப் போகின்றேன். அக்குடும்பம் எங்கள் குடும்பமே. ஊர், செட்டிநாட்டு வலையபட்டி.

அவ்வீடுகளின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகின்றேன். வாயில் ஒரு தெருவில் இருக்கும். கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். வாயிற்படியில் நின்று நோக்கினால், கதவுக்குப் பின் கதவாக நேர்கோட்டில் நிற்க, கடைசிக் கதவின் வழியே பின்தெருவின் வெயில் ஒரு வெள்ளிக்காசு போலத் தெரியும். திண்ணையைக் கடந்தால் முகப்பு. முகப்பைக் கடந்தால் வளவு. வளவு என்பது வானம் பார்த்த நடுமுற்றம். அதனைச் சுற்றித் தூண்கள் தாங்கிய பத்தி. பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். மகன் ஒவ்வொருவனுக்கும் மணம் முடிந்ததும் அவற்றுள் ஓர் அறை உரியதாகும். அதற்கும் அப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி. வீட்டிற்குள் காற்றும் மழையும் வெளிச்சமும் வரும் பெருவழி வளவுதான். அறைகளுக்குச் சாளரங்கள் சிறியன, சுவர்களோ கனமானவை. கோடையில் வெப்பத்தை வெளியே நிறுத்துவதற்காக அவ்வாறு கட்டினார்கள். வெப்பத்தோடு வெளிச்சமும் வெளியே நின்றுவிட்டது.

ஐம்பது பேர் வாழ்ந்த காலத்தில் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஆள் நடமாட்டமே ஒரு வெளிச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலேயா, இலங்கை நாடுகளில் கொண்டுவிற்று ஈட்டிய பொருள் இவ்வீடுகளாக எழுந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது அந்த வரவு அறுந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் பிற நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றார்கள். வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது; ஆகவே ஒருவருக்கும் சொந்தமில்லாதது போல் ஆயிற்று. திருமணத்துக்கும் சாந்திக்கும் திறப்பார்கள், மறுவாரம் பூட்டுவார்கள். 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும், பட்டியலில் ஏறிய ஊர்களிலும் தூண் கழன்று லாரியில் ஏறுவது நிற்கவில்லை. காரைக்குடியின் பழம்பொருட் கடைகளுக்குச் சென்று பாருங்கள். எந்த வீட்டு வளவிலோ எரிந்த தூக்குவிளக்குகள் அங்கே கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அவற்றில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை.

எங்கள் வீட்டில் அப்பத்தா ஒருவர்தாம் இருந்தார். துணைக்குப் பகலில் ஒரு பெண்மணி வந்து போவார். ஓர் ஐப்பசி மாலை, மழை விட்ட நேரம், பத்தியிலிருந்து வளவுக்கு இறங்கும் ஒற்றைப் படியில் கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அன்று எரிந்தவை இரண்டு விளக்குகள். ஒன்று அடுப்படியில், மற்றொன்று சாமி வீட்டில். நடுவே இருந்த நெடிய தொலைவை எழுபதாண்டுப் பழக்கத்தினால் நடந்தே கழித்து வந்திருக்கின்றார். அன்று பழக்கம் உதவவில்லை.

செய்தி கேட்டுப் பங்காளிகள் கூடினோம். கூடியவர்களில் பெரும்பாலோர் ஒரே முடிவைச் சொன்னார்கள்: வீட்டைப் பிரித்து விற்றுவிட்டு, அப்பத்தாவைச் சென்னைக்கு அழைத்துப்போவது. மரத்துக்கு விலை பேச ஒருவர் வந்து தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டும் போனார். அப்பத்தா அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. தட்டும் ஒலி நின்ற பிறகு, "நான் இருட்டுல விழுந்தேன், அதுக்கு வீடு என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டார். நான் ஓராண்டு தவணை கேட்டேன். "அதற்குள் வீட்டை வாழத் தக்கதாக ஆக்கிக் காட்டு, இல்லையேல் கையெழுத்திடு" என்று சொல்லிக் கலைந்தார்கள்.

நான் செய்த முதற் செயல் பெரும் பிழை. வளவின் மேல் விளிம்பில் ஐம்பது வாட் வெள்ளொளி விளக்கு ஒன்றை மாட்டினேன். விளையாட்டுத் திடலில் மாட்டுவார்களே, அத்தகையது. விசையைத் தட்டியதும் வளவு பட்டப்பகலாயிற்று. பத்தி முன்னிலும் இருண்டது. ஒவ்வொரு தூணும் ஒரு கரிய நிழலைப் பத்தியின் மேல் நீட்டிற்று. மழை விட்ட இரவில் ஈசல் திரண்டு வந்து தரையை மூடியது. அப்பத்தாவோ கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைத் தடவி நடந்தார். வெளிச்சம் வந்த பிறகுதான் அவர் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. அகவை ஏற ஏறக் கண்ணின் கருமணி சுருங்கும், கண்வில்லை பழுப்பேறும். இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றது. ஆகவே முதியோர்க்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். ஆனால் புரை படரத் தொடங்கிய கண்ணில், ஒரே புள்ளியிலிருந்து பாயும் கடும் ஒளி சிதறி வெண்திரையாக விரிந்துவிடும். வெளிச்சம் மிகுதியாகவும் வேண்டும். அது கண்ணில் குத்தவும் கூடாது. மற்றொன்று, ஒளியிலிருந்து இருளுக்குள் நுழையும் கண் முற்றிலும் பழகுவதற்கு அரை மணி நேரம் வரை ஆகும். வளவில் பகலையும் பத்தியில் இரவையும் வைத்தால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் படியில் கால் தவறாமல் என்ன செய்யும்?

அப்பொழுதுதான் பழைய ஏற்பாட்டை உற்று நோக்கினேன். கதவுகளின் இரு மருங்கும் சுவரில் சிறு மாடங்கள் உள்ளன. உட்கார்ந்திருப்பவர் தோளுயரத்தில் அவை அமைந்திருக்கின்றன. அகல் வைக்கும் இடம் அது. சுடரின் ஒளி நேரே கண்ணில் படுவதில்லை. மாடத்தின் உட்குழிவில் பட்டுத் தரையில் படர்கின்றது. சுவரோ சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி மெருகேற்றியது. அத்தகைய வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கருந்தேக்கு பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பித் தராது. ஆகவே விளக்கைத் தேக்குக்கு அருகே வைக்காமல் சுவருக்கு அருகே வைத்தார்கள். ஒரு திரிச் சுடரின் ஒளி ஏறத்தாழ பன்னிரண்டு லூமென். மெழுகுவர்த்தி ஒன்றின் அளவு. ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு அறுபது லூமென் தரும். நாம் இன்று கடையில் வாங்கும் ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு எண்ணூறுக்கு மேல் தருகின்றது. அப்படியிருக்க, அந்தச் சிறு சுடர்களைக் கொண்டு அவர்கள் இவ்வளவு பெரிய வீட்டில் எப்படி நடமாடினார்கள்? சுடர்கள் பல, அவை தாழ்ந்தும் இருந்தன. ஒரு சுடரின் எல்லை முடியுமுன் அடுத்த சுடரின் எல்லை தொடங்கிற்று. கூடத்தில் தொங்கிய கண்ணாடிச் சரவிளக்குகள் விருந்தினர்க்குக் காட்டவே. நாள்தோறும் வீட்டைக் காத்தவை மாடத்து அகல்களே என்பது என் எண்ணம்.

இங்கே எல்.இ.டி. பற்றி ஒரு சொல். வெள்ளொளி விளக்கினுள் உண்மையில் எரிவது நீல ஒளி. அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மாற்றி வெண்மையாக்குகின்றது. அந்த நீல ஒளி உமிழியைக் கண்டமைக்காகவே 2014-இல் அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. விளக்குப் பெட்டியின்மேல் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருந்தால் நீலம் மிகுதி. 2700 என்றிருந்தால் மஞ்சள் மிகுதி. எண்ணெய்ச் சுடரின் அளவு 1900-க்கு அருகில் நிற்கும். பூச்சிகளை இழுப்பது பெரும்பாலும் நீலமும் அதற்கு அப்பாற்பட்ட கதிரும். ஈசல் என் வீட்டைத் தேடி வந்த காரணம் விளங்கிவிட்டதல்லவா? விலையைப் பார்க்கும் நாம் பெட்டியின்மேல் இருக்கும் இந்த ஓர் எண்ணைப் பார்ப்பதில்லை.

திடல் விளக்கைக் கழற்றினேன். 2700 எண் கொண்ட ஒன்பது விளக்குகளை வாங்கினேன். அவற்றுள் ஆறு மூன்று வாட். மூன்று ஒன்பது வாட். சிறிய ஆறும் மாடங்களுக்குள் சென்றன. வெளியே தெரியாதவாறு ஒவ்வொன்றின் முன்னும் அரையுடைந்த ஓர் அகலை நிறுத்தினோம். பெரிய மூன்றில் ஒன்று அடுப்படிக்கு, ஒன்று முகப்புக்கு. மூன்றாவதை அந்த ஒற்றைப் படியின் பக்கச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தோம். படியின் விளிம்பில் வெண்சுண்ணாம்புக் கோடு ஒன்றை அப்பத்தாவே இழுத்தார். கோலம் போட்ட கை அல்லவா, கட்டுப்போட்ட நிலையிலும் கோடு கோணவில்லை. ஒன்பது விளக்குக்கும் சேர்த்து நாற்பத்தைந்து வாட். நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் ஏழு யூனிட்டுக்கும் குறைவு. நான் முன்பு மாட்டிய ஒற்றை விளக்கு இதனினும் மிகுதியாகத் தின்றது. மரபு மின்சாரத்தோடு பகை கொள்ளவில்லை. இடம் தெரிந்து வைத்தால் ஏற்றுக்கொள்கின்றது.

விளக்கு இரவுக்கு. பகலில் அந்த வளவு ஒரு காய்ந்த கல்தரை. மிளகாயும் வடகமும் உலர்ந்த இடத்தில் இப்பொழுது காக்கை மட்டும் வந்தமர்ந்தது. பசுமை வேண்டும் என்று தோன்றிற்று. உலகில் வேறு சிலரும் இதே வழியில் சென்றிருக்கின்றார்கள். ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபா நகரில் வீடுகள் நடுமுற்றத்தைச் சுற்றியே அமைந்தவை. அங்கும் கோடை கடுமை. வெள்ளையடித்த முற்றத்துச் சுவர்களில் தொட்டி தொட்டியாகப் பூச்செடிகளை மாட்டுகின்றார்கள். எட்டாத தொட்டிக்கு நீண்ட கழியின் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கட்டி நீர் ஊற்றுவார்கள். 1921-இல் அங்கே முற்றங்களுக்கென ஒரு போட்டி தொடங்கிற்று. 2012-இல் யுனெஸ்கோ அத்திருவிழாவை மானிடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. பலர் கூடி வாழும் முற்றங்களே அங்கே புகழ் பெற்றவை என்பது நாம் கவனிக்கத் தக்கது. ஆயினும் அவர்கள் செய்வதை அப்படியே நாம் செய்ய இயலாது. நம் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அறைந்தால் மெருகு பெயர்ந்துவிடும். மேலும் நம் தலைக்கு மேல் ஞாயிறு செல்லும் வழி வேறு.

அந்த வழியைச் சற்று விளக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். செட்டிநாடு வட அகலாங்கு பத்துப் பாகையை ஒட்டி இருக்கின்றது. சித்திரையின் முதல் வாரத்திலும் ஆவணி பத்தாம் நாளை ஒட்டியும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். தூணுக்கு நிழல் விழாது. அவ்விரு நாள்களுக்கும் இடையே அது உச்சிக்குச் சிறிது வடக்கே செல்கின்றது. எஞ்சிய மாதங்களில் தெற்கே சாய்கின்றது. மார்கழியில் அச்சாய்வு முப்பத்து மூன்று பாகையைத் தாண்டும். அப்பொழுது தென்புறக் கூரையின் நிழல் வளவின் தென்பாதியை மூடும். வெயில் வடபத்தியின் ஓரத்தில் விழும். ஆகவே வெயில் வேண்டும் செடி ஆண்டின் பெரும்பகுதி வடபுறம் இருக்க வேண்டும். ஆனி மாதத்தில் தெற்கே நகர வேண்டும். நிலத்தில் ஊன்றிய செடி எவ்வாறு நகரும்? அதனால்தான் வளவுக்குத் தொட்டியே தகும் என்கின்றேன்.

இவை எல்லாம் தெரியுமுன்பே நான் இருபது தொட்டிகளை வாங்கி அடுக்கிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரோஜாவும் மல்லிகையும் நிழலில் மாட்டிக்கொண்டு இலை உதிர்த்தன. நிழலை விரும்பும் பெரணி சித்திரை வெயிலில் கருகிற்று. தொட்டியிலிருந்து வழிந்த மண் வளவின் மூலையில் உள்ள நீர்த்தாரையை அடைத்தது. எங்கள் வளவு முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உடையது; ஏறத்தாழ ஐம்பத்தாறு சதுர மீட்டர். முப்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் திறந்த வெளியில் மட்டும் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் நீர் விழும்; சுற்றிலும் உள்ள கூரைகள் உட்புறமாகச் சொரிவது வேறு. முன்னோர் தாழ்வாரத்து நீரைப் பித்தளை அண்டாக்களில் பிடித்துக்கொண்டு, எஞ்சியதை நீர்த்தாரை வழியே ஊருணியை நோக்கி அனுப்பினார்கள். நான் மண்ணைப் போட்டு அதை அடைத்தேன். கார்த்திகை மழையில் வளவு குளமாயிற்று. முழங்கால் அளவு நீரில் இறங்கித் தாரையைத் துழாவிய அந்த இரவில், பங்காளிகள் எவரும் ஊரில் இல்லாதது என் நற்பேறு.

பிறகு தொட்டிகளைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். மண்பாண்டத்துக்குப் பேர்பெற்ற மானாமதுரை அண்டை மாவட்டமான சிவகங்கையில் இருக்கின்றது. கடம் என்னும் இசைக்கருவியை வனைவதும் அவ்வூரே. சுட்ட மண்தொட்டியின் பக்கங்கள் நீரைக் கசியவிட்டு வேரைக் குளிரச் செய்யும். பிளாஸ்டிக் தொட்டி அதைச் செய்யாது. தொட்டியின் அடித்துளையை ஓட்டுச்சில்லால் மூடி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து இடவேண்டும். ஒவ்வொன்றையும் செங்கல் மேல் ஏற்றி வைத்தோம். அடியில் காற்று ஓடும், தரையில் கறை படியாது. வீட்டில் கிடந்த பழைய பீங்கான் சாடிகளில் நேரே செடி நட எனக்கு ஆசை. துளையில்லாச் சாடியில் வேர் அழுகும். சாடியைத் துளைக்க அப்பத்தா சம்மதிக்கவில்லை. ஊறுகாய் போட்ட சாடியாம். உள்ளே ஒரு சிறு மண்தொட்டியை இறக்கி வைத்துச் சமாதானம் செய்துகொண்டோம். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்போர் வாரம் ஒருமுறை அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

செடிகளை இம்முறை அப்பத்தாவே தேர்ந்தார். துளசியும் மல்லிகையும் மருவும் வடபுற வெயிலுக்கு. கற்பூரவல்லி, காலை வெயில் மட்டும் படும் மேற்கு ஓரத்துக்கு. மருளும் பெரணியும் எந்நேரமும் நிழல் விழும் பத்தியோரத்துக்கு. நான் எண்ணாத ஒன்றையும் அவர் கேட்டார்: வெற்றிலைக் கொடி. கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்வது அது. கடு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். வளவின் தூண் அதற்குக் கொழுகொம்பாயிற்று. மூன்றாம் மாதத்தில் தம் கையால் கிள்ளிய முதல் இலைக்குச் சுண்ணாம்பு தடவி வாயில் இட்டுக்கொண்டு, "காரம் போதாது" என்றார். அவர் உணவில் குறை சொல்லி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் எனக்கு மகிழ்ச்சி.

சென்ற மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் வந்தார்கள். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாளில் நகரத்தார் எடுக்கும் நோன்பு அது. புதுத்துணியிலிருந்து எடுத்த இருபத்தோரிழையைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டு விழுங்குவார்கள். வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் பெற்றுக்கொள்வது வழக்கம். மாடங்களில் விளக்கு எரிந்தது. குழந்தைகள் தொட்டிகளுக்கிடையே ஒளிந்து விளையாடினார்கள். தூணைத் தட்டிப் பார்க்க ஆளை அழைத்து வந்த என் சிற்றப்பா, படியோரத்து வெண்கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் அமர்ந்தார்.

இழை எடுக்கும் வேளை வந்ததும் அப்பத்தா, "அந்த விளக்கையெல்லாம் அணைச்சிரு" என்றார். ஒன்பதையும் அணைத்தேன். வளவின் மேலே விண்மீன்கள் தெரிந்தன. இருட்டில் ஒவ்வொரு முகமாகச் சுடர் ஏந்தி வந்து, வாய் திறந்து, மறைந்தது. கடைசிச் சுடர் சிற்றப்பாவுடையது. அதன் பின்னும் சிறிது நேரம் விசையைத் தட்டும்படி அவர் சொல்லவில்லை, நானும் தட்டவில்லை.

விற்பனைப் பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை. பங்காளிகளில் இருவர் விற்கவே வேண்டும் என்கின்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, கூரை ஓடு மாற்றவே பெருந்தொகை வேண்டும். தைப் பொங்கலுக்கு அவ்விருவரும் வலையபட்டிக்கு வருகின்றார்கள். கிழக்குத் தூணுக்கும் ஒரு வெற்றிலைக் கொடி வேண்டும் என்று அப்பத்தா சொல்லி அனுப்பியிருக்கின்றார். மானாமதுரையிலிருந்து ஒரு தொட்டி வாங்கிப் போகவேண்டும்.